சவாரிக்கு முன் அளவுநாடா

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் சுற்றுலாவை வளர்ப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் குதிரைச் சவாரியும் அந்தப் பட்டியலில் ஏறிவிடுகிறது. படகு, சுழியோட்டம், புறாமலைத் தீவு, அடுத்தது குதிரை. நாங்கள் அதற்கு எதிரானவர்கள் அல்லர். ஆனால் படகையும் குதிரையையும் ஒரே பட்டியலில் எழுதும் இடத்திலேயே பிழை தொடங்கிவிடுகிறது. படகைக் கரையில் இழுத்துக் கவிழ்த்துவிட்டால் மாரி முழுவதும் தின்னாமல் குடிக்காமல் கிடக்கும். குதிரை அப்படிக் கிடக்காது. ஆகவே அனுமதி, கட்டணம், விளம்பரப் பலகை என்று போவதற்கு முன்னர், இத்துறையின் இன்றைய நிலை என்ன, எவ்வளவு தூரம் வளரலாம் என்று ஒழுங்கான ஓர் ஆய்வு செய்யப்பட வேண்டும். அந்த ஆய்வு எதை அளக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

குதிரைத் துறை பற்றிய ஆய்வு வெளிநாடுகளில் புதிதல்ல. பிரித்தானியக் குதிரை வணிகச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு அங்கே 847,000 குதிரைகள் இருப்பதாகவும், அவற்றைச் சார்ந்து ஆண்டுக்கு 4.7 பில்லியன் பவுண் செலவாவதாகவும் மதிப்பிட்டது. அயலில் இந்தியா கால்நடைக் கணக்கெடுப்பில் குதிரைக்கென்று தனிப் பத்தி வைத்திருக்கிறது. 2012இல் 6.25 இலட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் 3.4 இலட்சமாகி, 45.6 வீதம் குறைந்துவிட்டன என்று அவர்களால் சொல்ல முடிவது அந்தப் பத்தியினால்தான். பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2022இல் அமைத்த ஆணைக்குழு 14 நாடுகளில் பொதுமக்களிடம் கேட்டபோது, விளையாட்டில் குதிரை நடத்தப்படும் விதம் தமக்குக் கவலை தருவதாக 67 வீதமானோர் கூறினார்கள். நமது கரைக்கு வரும் வெளிநாட்டவர் பலர் இப்படி நினைக்கும் நாடுகளிலிருந்துதான் வருகிறார்கள். விலா எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்தால் அவர்கள் ஏறமாட்டார்கள், படம் எடுத்துப் போடுவார்கள்.

இலட்சக்கணக்கில் குதிரை உள்ள நாட்டில் மாதிரி எடுத்து மதிப்பிடத்தான் முடியும். திருகோணமலையில் ஒவ்வொரு குதிரையையும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். குதிரைக்கு ஒரு தாள் போதும். அந்தத் தாளின் முதல் வரியில் சொந்தக்காரரின் வருமானத்தை எழுதக் கூடாது, குதிரையின் எடையை எழுத வேண்டும்.

எடைக்குத் தராசு தேவையில்லை. தையற்காரரின் நாடாவை விட நீளமான, 2 மீற்றர் துணி நாடா ஒன்று போதும். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் ஒழுங்காக ஊன்ற நிறுத்துங்கள். முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், பிடரி முடியும் மேட்டின் பின்சரிவு வழியாக நாடாவைச் சுற்றி, அது மூச்சை விடும் தருணத்தில் சுற்றளவைப் படியுங்கள். அடுத்து, முன்தோளின் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 150 சென்ரிமீற்றர், நீளம் 130 என்றால் ஏறக்குறைய 246 கிலோ. நாடாவைத் தளர விட்டு 5 சென்ரிமீற்றர் கூட்டிப் படித்தால் விடை 17 கிலோ ஏறிவிடும். அதனால் மூன்று தடவை அளந்து நடுவில் உள்ளதை எழுதுவது நல்லது. முதல் சுற்றில் அளந்தவரே அடுத்த சுற்றிலும் அளக்க வேண்டும்.

இந்த ஓர் எண்ணே பாதிக் கேள்விகளுக்கு விடை தந்துவிடும். சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் அளவு. 246 கிலோ மட்டக்குதிரைக்கு அது 49 கிலோ. சேணம், விரிப்பு, கடிவாளம் எல்லாம் 8 கிலோ என்று வைத்தால், மேலே ஏறுபவருக்கு மிஞ்சுவது 41. அது ஒரு பள்ளிப் பிள்ளையின் எடை. 80 கிலோ உள்ள சுற்றுலாப் பயணியை ஏற்றுவதானால் 440 கிலோவுக்குக் குறையாத குதிரை வேண்டும். கரை மணலில் இந்த அளவையும் குறைக்க வேண்டும். காய்ந்த மணலில் குளம்பு ஒவ்வோர் அடிக்கும் புதைந்து எழுவதால் காலின் பின் தசைநாண்கள் இழுபடும். சற்று ஈரமாக இறுகிக் கிடக்கும் அலையோரப் பட்டைதான் குதிரைக்கு ஏற்ற தரை. கரைவலை இழுப்பவர்கள் நிற்பதும் அதே பட்டையில்தான். கயிறு கிடக்கும், அலுமினியச் சட்டியும் மீன் பெட்டியும் இருக்கும், வெறுங்காலோடு மனிதர் இருப்பர். எந்தப் பாட்டில், அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டில், எத்தனை மணிக்கு வலை வளைக்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுதாமல் சவாரிப் பாதை வரைந்தால் முதல் வாரமே சண்டை வரும்.

அடுத்தது பருவம். நமது சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. சோளகமும் கச்சானும் வீசிப் புல் தீய்ந்து கிடக்கும் மாதங்களும் அவைதான். குதிரைக்கு ஆக அதிக வேலை, ஆக அதிக வெப்பம், ஆகக் குறைந்த தீனி, மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன. நுவரெலியாவில் ஏரியோரம் ஓடும் மட்டக்குதிரையை வைத்துத் திருகோணமலைக்குக் கணக்குப் போட முடியாது.

வெப்பத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. பரனைற் பாகையில் வெப்பநிலையையும் வளியின் ஈரப்பதன் வீதத்தையும் கூட்டுவது. தொகை 130க்குக் கீழ் இருந்தால் கவலை இல்லை. 150ஐத் தாண்டினால் வியர்வையால் மட்டும் உடல் ஆறுவது கடினம். 180ஐத் தாண்டினால் வேலை வாங்கக் கூடாது. 34 பாகை செல்சியஸ், 60 வீத ஈரப்பதன் என்றால் தொகை 153. ஆனால் இந்தக் கணக்கு வெயிலையும் காற்றையும் பார்ப்பதில்லை. விடியற்காலையில் வெப்பம் குறைந்தாலும் ஈரப்பதன் ஏறி நிற்பதால் நமது கரையில் அப்போதும் 150ஐத் தாண்டலாம். வெயில் இல்லாததால் குதிரை தாங்கிக்கொள்கிறது. ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் குதிரையையே அளக்க வேண்டும். ஓய்வில் நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 37.5 முதல் 38.5 பாகை. சவாரி முடிந்து நிழலில் பத்து நிமிடம் நின்ற பிறகும் நாடி 60க்குக் கீழ் இறங்காவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி. 40 பாகையைத் தாண்டினால் உடனே சேணத்தைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீரை விடாமல் ஊற்ற வேண்டும். சூடான குதிரைக்குக் குளிர்ந்த நீர் ஆகாது என்று சொல்வது தவறு. நீரைத் தடுத்து வைப்பதால்தான் குதிரை சாகிறது.

இன்னொன்றையும் தாளில் எழுதுங்கள்: வேலை முடிந்ததும் வியர்த்திருக்கிறதா? வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்வை குறைந்து, நாளடைவில் நின்றே போய்விடுகிறது. மற்றக் குதிரைகள் நனைந்து பளபளக்கும்போது ஒன்று மட்டும் தூசி படிந்த காய்ந்த தோலோடு, மூக்குத்துளை விரிந்து, வயிறு துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். "இது களைக்காத குதிரை, வேர்க்கவே வேர்க்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் ஆபத்தான நிலையில் உள்ள குதிரை அதுதான். அதற்குக் கரையில் வேலை கொடுக்கவே கூடாது.

தீனியின் கணக்கைப் பாருங்கள். குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறக்குறைய 2 வீதம் உலர்ந்த தீனி தின்ன வேண்டும். 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 5 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீர் என்பதால், 25 கிலோ புல் வெட்டிப் போட வேண்டும். பத்துக் குதிரைக்கு மே முதல் செப்டெம்பர் முடிய 153 நாளைக்கு 38 தொன்னுக்கும் மேல். மாட்டுக்கே மேய்ச்சல் தரை இல்லை என்று பண்ணையாளர்கள் ஆண்டுதோறும் முறையிடும் மாவட்டத்தில், அந்தப் புல் எந்தக் காணியில், எந்த நீரில் விளையும்? குடிக்க மட்டும் ஒன்றுக்கு நாளுக்கு 25 முதல் 50 லீற்றர் நல்ல தண்ணீர் வேண்டும். கரையோரக் கிணறு உவர்க்கும் காலத்தில் அதற்கும் வழி சொல்ல வேண்டும். நெடுந்தீவில் தாமே திரியும் குதிரைகள் வறட்சியில் தண்ணீரின்றி மடிவதை வட பகுதியில் கண்டிருக்கிறோம். கட்டிவைத்த குதிரை நீர் தேடியும் போக முடியாது.

புல் இல்லாதபோது எல்லோரும் கை வைப்பது தவிட்டில். தம்பலகாமம், கந்தளாய் ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது, குதிரையும் விரும்பித் தின்னும், உடம்பும் பிடிக்கும். ஆனால் அரிசித் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் இல்லையென்றே சொல்லலாம். கிலோவுக்கு முறையே 15 கிராம், 1 கிராம் அளவில் இருக்கும். குதிரைக்குக் கல்சியம் ஒருபோதும் பொசுபரசை விடக் குறையக் கூடாது. குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்து கல்சியத்தை உருவி எடுக்கும். நேப்பியர், கினி போன்ற புல்வகைகளில் உள்ள ஒட்சலேற்று இருக்கிற கல்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். நமது பக்கத்தில் தவிடும் நேப்பியர் கலப்பினமான கோ-3 புல்லும்தான் வழக்கமான சேர்க்கை என்பதால், அது இரட்டைக் கேடு. முதலில் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டும். பல மாதம் கழித்துத் தாடையும் கன்ன எலும்பும் இருபுறமும் வீங்கி முகம் பருக்கும். அப்போது பார்த்து மருந்து தேடினால் முகம் பழையபடி ஆகாது. தடுப்பது எளிது: ஒரு கிலோ தவிட்டுக்கு 60 கிராம் தீவனச் சுண்ணக்கல் தூள். வெற்றிலைச் சுண்ணாம்பையோ சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பையோ போட்டுவிடாதீர்கள், வாயும் குடலும் வெந்துவிடும். அதோடு 100 கிலோ எடைக்கு 10 கிராம் என்ற அளவில் சாதாரண உப்பு. வியர்த்து உழைக்கும் நாளில் அதன் இரண்டு மடங்கு.

தீனியை எதில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நமது கரையில் தரையில் கொட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் மணலும் சேர்ந்து போகும். அது பெருங்குடலின் அடியில் படிந்து சூலையைத் தரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியேற வேண்டும். சோதிப்பதற்குச் செலவே இல்லை. தரையில் படாத புதுச் சாணத்தில் ஆறு உருண்டைகளை ஒரு நீளக் கையுறைக்குள் போட்டு, தண்ணீர் நிரப்பிக் கரைத்து, விரல்கள் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் தொங்கவிடுங்கள். சாணம் மேலே மிதக்க, விரல் நுனிகளில் மணல் வந்து இறங்கும். கையுறையை வெளியில் நின்று நெரித்தால் நறநறவென்று கைக்குத் தெரியும். சுத்தமாக இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது, சில குதிரைகள் மணலை வெளியேற்றாமல் உள்ளேயே சேர்த்துவைக்கும். நெஞ்சுயரத் தொட்டி, அடியில் ஒரு றப்பர் விரிப்பு, வெறும் வயிற்றோடு நிற்க விடாத அளவு வைக்கோலோ புல்லோ. இம்மூன்றும் இருந்தால் பெரும்பாலான மணல் சூலை வராது.

குளம்பு பற்றிச் சொல்லும்போது பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. கிறித்துவுக்கு முன் அனுராதபுரத்தை 22 ஆண்டு ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை வணிகரின் மக்கள் என்கிறது மகாவம்சம். கடல் வழியே குதிரை வந்து இறங்குவது நமக்கு அவ்வளவு பழையது. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதியிருக்கிறார். காரணமாக அவர் சொன்னவை இரண்டு: பராமரிக்கத் தெரியாமை, லாடம் அடிப்பவர் இல்லாமை. லாடக்காரர் அங்கே போய்விடாதபடி வணிகர்களே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விலைப்படும். எழுநூறு ஆண்டு கழித்தும் நமது திட்டங்களில் குதிரைக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது, லாடக்காரரின் பயிற்சிக்கு ஒதுக்கப்படுவதில்லை.

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும். லாடம் இருந்தால் கழற்றிச் சீவித் திரும்ப அடிக்க வேண்டும். மணலில் மட்டும் நடக்கும் குதிரைக்குப் பெரும்பாலும் லாடமே தேவைப்படாது, தார் வீதியில் நாள்தோறும் போய்வருவதற்குத்தான் தேவை. கடைசியாக எப்போது சீவினார்கள் என்று கேட்பதை விடக் காலைத் தூக்கிப் பார்ப்பதே மேல். முன்முனை நீண்டு குதி தாழ்ந்திருந்தால் நாள் ஆகிவிட்டது. மாரியில், ஈரச் சாணத்தில் நின்ற குதிரையாக இருந்தால், அடியிலுள்ள ஆப்பு வடிவ மெத்தைப் பகுதியின் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து மூக்கைப் பொத்த வைக்கும். துப்புரவாக்கி, உலர்ந்த தரையில் நிறுத்தினாலே பாதி மாறிவிடும். குளம்பில் ஆணி குத்துவதுதான் பெரும் பயம். ஏற்புநோய்க் (ரெற்றனசு) கிருமி குதிரையின் குடலிலும் மண்ணிலும் இயல்பாகவே இருப்பது, குதிரையோ அந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது. ஏற்பூசி போட்ட நாள் எழுதப்படாத தாள் முழுமையான தாள் ஆகாது. குதிரையைப் பராமரிக்கும் ஆளுக்கும் அதே கேள்வி.

சேணத்தைக் கழற்றிய பின் முதுகைப் பார்க்காமல் வரக் கூடாது. பிடரி முடியும் மேட்டின் மேல், கறுப்பு அல்லது செம்பட்டை மயிருக்கு நடுவே கைப்பெருவிரல் அளவில் வெள்ளை மயிர்த் திட்டு இருந்தால், அங்கே சேணம் முன்பு அழுத்திப் புண்ணாக்கியிருக்கிறது என்று பொருள். புண் ஆறிவிட்டது, மயிரின் நிறம் திரும்பவில்லை. இப்போது அதே சேணத்தை ஆளோடு ஏற்றி, மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அதே புண் மறுபடி வரும். மருந்து பூசுவதால் பயன் இல்லை, சேணத்தை மாற்ற வேண்டும்.

இந்த ஆய்வை யார் செய்வது? கிழக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் முன்னின்று, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை விவசாய பீடத்தின் விலங்கு விஞ்ஞானத் துறையையும் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாக மாணவரையும் சேர்த்துக்கொள்ளலாம். நாட்டின் மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருப்பதால், தொடக்கத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அங்கிருந்து ஒருவரை அழைக்க வேண்டும். உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை புள்ளி இடும் முறை 1983 முதல் உலகெங்கும் கையாளப்படுகிறது. கழுத்து, தோள், விலா, முதுகு, வால்முளை ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்து இடுவது அது. இருவர் தனித்தனியே இட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். 3ம் அதற்குக் கீழும் வந்தால் அக்குதிரை சவாரிக்கு இல்லை.

ஒரு தடவை அளந்தால் நிலை தெரியும், போக்குத் தெரியாது. சீசனுக்கு முன் பங்குனியில் ஒரு சுற்று, சீசன் முடியும் தறுவாயில் ஆவணியில் ஒரு சுற்று. இடையில் 246 கிலோ 215 ஆகியிருந்தால் அந்தத் தொழில் குதிரையின் உடம்பை விற்றுத்தான் ஓடுகிறது. பணக் கணக்கில் இலாபம் காட்டினாலும் மூன்றாவது ஆண்டில் குதிரை இராது.

சொந்தக்காரர்களைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். குதிரை வைத்திருப்பவர்களை எல்லாம் வசதி படைத்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு அன்றைய சவாரிக் காசுதான் அன்றைய உலை. 1907ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடைச் சட்டத்தில் எழுதப்பட்ட தண்டம் 100 ரூபா, அது யாரையும் திருத்தப்போவதில்லை. ஆனால் கணக்கெடுப்பவரோடு தண்டம் எழுதுபவரும் சேர்ந்து வந்தால், மெலிந்த குதிரையை முதல் நாளே வேறெங்காவது கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள், ஆய்வில் கொழுத்த குதிரை மட்டும் பதியும். ஆகவே முதல் சுற்றில் தண்டம் கிடையாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். போகும்போது ஏற்பூசியும் பூச்சி மருந்தும் கொண்டு போங்கள். குளம்பு சீவ ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அப்போது மறைத்த குதிரையும் வெளியே வரும்.

குதிரை 25, 30 ஆண்டு வாழக்கூடியது, சவாரிக்கு உதவுவது அதில் பாதிக் காலம்தான். மீதிக் காலத்தை எங்கே கழிக்கும் என்ற கேள்விக்கும் தாளில் ஓர் இடம் வேண்டும். கோட்டையடியில் மான்கள் பொலித்தீன் மென்று திரிவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நகரம் இது. கைவிடப்பட்ட குதிரையும் அங்கேதான் வந்து சேரும்.

கிடைக்கும் எண்களை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வறட்சி மாதங்களில் கைவசமாகும் புல் எத்தனை தொன், நல்ல தண்ணீர் எத்தனை லீற்றர், எட்டு வாரத்தில் ஒரு லாடக்காரரால் எத்தனை குளம்பு பார்க்க முடியும், கூப்பிட்ட அன்றே வரக்கூடிய மிருக வைத்தியர் எத்தனை பேர். இவற்றில் எது ஆகக் குறைந்த குதிரை எண்ணைத் தருகிறதோ, அந்த எண்ணுக்கு மேல் அனுமதிப் பத்திரம் கொடுக்கக் கூடாது. அது ஆறாக இருந்தாலும் ஆறுதான். வரும் சீசனுக்கு முன் முதல் சுற்றை முடிக்க வேண்டுமானால் தை மாதத்துக்குள் தாளை அச்சிட்டு, அளப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
குதிரை பராமரிப்பில் ஈடுபட்டுள்ள சிலர்,
திருகோணமலை.